எடை கூடிய அரசாங்க மணிகள்

என்னுடைய இஞ்சின் என்னைவிட முன்னேறிய ஆள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்ன எனக்குக் கிடைக்காத அரசாங்க உத்தியோகம் அதற்குக் கிடைத்தது. அது விண்ணப்பம் போடவில்லை, பரீட்சை எழுதவில்லை, எந்த அரசியல்வாதியின் வாசலிலும் காத்து நிற்கவில்லை. கிண்ணியாவிலிருந்து ஓட்டோவில் ஏற்றிப் பாலம் கடந்து கொண்டுபோய், என் கையாலேயே சேர்த்துவிட்டேன். வள்ளத்தில் பூட்டுகிற இருபத்தைந்து குதிரை இஞ்சின். கொண்டுபோய்க் கொடுத்த மிருகத்தையும் சேர்த்தால் இருபத்தாறு. கடைசி மட்டும் குதிரை அல்ல.

திருகோணமலை உள்துறைமுகத்தைப் பார்த்தபடி, வெள்ளைக்காரன் விட்டுப்போன பழைய களஞ்சியம் ஒன்றில் ‘உயிரெண்ணெய் ஊக்கி மேம்பாட்டு நிலையம்’ இயங்குகிறது. இயங்குகிறது என்பது பெயர்ப்பலகையில் உள்ள சொல். நாடே எண்ணெய்க்கு வரிசையில் நின்ற வருடத்தில் யோசித்து, வரிசையெல்லாம் முடிந்து சனம் மறந்துபோன பிறகு திறந்துவைத்தார்கள். தேங்காய்ச் சிரட்டையிலும் உமியிலும் எண்ணெய் எடுத்து, அதை வள்ளத்து இஞ்சின் குடிக்கிற தரத்துக்கு உயர்த்துவது அவர்கள் வேலை. உயர்த்திய எண்ணெயை ஓடவிட்டுப் பார்க்க ஒரு இஞ்சின் வேண்டும் என்று மீனவர் சங்கத்தில் வந்து கேட்டார்கள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் மட்டும் கையைத் தூக்கினேன்.

அப்போது ஐப்பசி. வாடைக்காற்றில் கடல் குதிக்கிற காலம். இஞ்சின் எப்படியும் சாக்கைப் போர்த்திக்கொண்டு கொட்டிலில்தான் படுத்திருக்கும். மாசியில் கடல் அடங்கும்போது துடைத்துத் திருப்பித் தருவோம், ஓடுகிற எண்ணெய் இலவசம் என்றார்கள். ‘இலவசம்’ காதில் விழுந்த பிறகு எனக்கு வேறு எந்தச் சொல்லும் விழவில்லை.

என் மனைவி பஸ்மியாவுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

“இந்தா பாருங்க, கடலுக்குள்ள விழுந்த சாமானையும் சுழியோடி எடுக்கலாம். அரசாங்கத்துக்குள்ள விழுந்த சாமான எடுக்க ஏலாது. மாசியில நீங்க எங்கட றம்ஸான் காக்காட வள்ளத்துல கூலிக்குத்தான் போகப் போறீங்க.”

றம்ஸான் என் மைத்துனர். அவருடைய வள்ளத்தில் கூலிக்குப் போவதைவிட நீந்திப் போய் மீனைக் கையால் பிடிக்கலாம். மீன் பேசாது.

நிலையத்தில் ஜதுசா என்றொரு பிள்ளை, இரசாயன உத்தியோகத்தர். அந்தக் கட்டடத்தில் வேலை செய்வதற்காக வேலைக்கு வந்த ஒரே ஆள். முதல்நாளே என்னை ‘நானா’ என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் காட்டினாள்.

“நானா, சிரட்டையக் காத்துப் படாமச் சூடாக்கினா இந்தக் கறுப்பெண்ணெய் வரும். இதுக்குள்ள தண்ணியும் புளிப்பும் கூட. இப்பிடியே ஊத்தினா உங்கட இஞ்சினத் தின்டு போடும்.”

“மறுகா என்ன செய்வீங்க மிஸ்?”

“ஐதரசன் வாயுவோட சேத்து இந்த மணியளுக்கு ஊடால விடுவம். மணிதான் ஊக்கி. எண்ணெய்க்குள்ள இருக்கிற ஒட்சிசனை அது கழட்டி விடும். பிறகு வாறதுதான் நல்லா எரியிற எண்ணெய்.”

கொத்தமல்லி அளவில் வெள்ளை மணிகள். ஓர் உருக்குக் குழாய் நிறைய இருந்தன. மேலே தாராகப் போனது கீழே பால் விடாத பிளேன்ரீ நிறத்தில் வந்தது. இறங்குதுறையில் ஒரு நீலப் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி அதில் என் இஞ்சினை மாட்டியிருந்தார்கள். அந்த எண்ணெயில் அது பாடிய பாட்டை நான் மண்ணெண்ணெயில் ஒருநாளும் கேட்டதில்லை. மகளைக் கட்டிக்கொடுத்த வாப்பா மாதிரி வாராவாரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

மார்கழி பிறக்கும்போது பிளேன்ரீ கோப்பியாகி, கோப்பி சீனிப்பாணியாகிவிட்டது. இஞ்சின் இருமத் தொடங்கியது.

“மணியளில கரி படிஞ்சிட்டுது நானா,” என்றாள் ஜதுசா. “அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் இருக்கு. எல்லாம் அடைபட்டிட்டுது. இனி எண்ணெய் போனபடியே வெளிய வரும்.”

“அப்ப மாத்துங்களன்.”

அவள் சிரித்தாள். சிரிப்பு என்று நினைத்துக்கொண்டுதான் நான் அவள் பின்னால் கணக்காளரின் அறைக்குப் போனேன்.

கணக்காளர் கனகமணி அம்மையார் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நாங்களும் நிமிர்ந்து நின்றோம்.

“தம்பி, நீங்கள் விஞ்ஞானம் படிச்சனீங்களோ?”

“வாத்தியார் அடிக்கிற நேரத்தில படிச்சனான் மிஸ்.”

“ஊக்கி எண்டா என்ன? தாக்கத்தின்ர வேகத்தைக் கூட்டும், தான் செலவாகாது. இது நான் சொல்லேல்லை, பாடப்புத்தகம் சொல்லுது. சாதாரண தரப் பரீட்சையில எனக்கு விஞ்ஞானத்துக்கு ஏ. செலவாகாத பொருளை நான் எப்பிடிச் செலவுக் கணக்கில போடுறது? கதிரை செலவாகுதோ? அலுமாரி செலவாகுதோ? ஊக்கியும் அப்பிடித்தான். நிரந்தரச் சொத்து. ஒருக்கா வாங்கியாச்சு. இனி நிலையம் இருக்கும்வரைக்கும் அது இருக்கும்.”

“மிஸ், அது புத்தகத்தில,” என்றாள் ஜதுசா. “உண்மையில கரி படியும். உலகத்தில எல்லா இடத்திலயும் படியும்.”

“அரசாங்கம் புத்தகத்தின்படிதான் நடக்கும் பிள்ளை. உண்மையின்படி நடக்கச் சொல்லி எங்களுக்குச் சுற்றறிக்கை வரேல்லை.”

நிரந்தரச் சொத்தென்றால் அதில் வெள்ளைப் பெயின்ற்றால் இலக்கம் எழுதப்பட்டிருக்க வேண்டும். கதிரைக்கு முதுகில், அலுமாரிக்குக் கதவில். மணிகள் வந்த புதிதில் பயிலுனர்களை உட்காரவைத்து, கண்மை தீட்டுகிற தூரிகையால் மணிகளில் இலக்கம் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். பெயின்ற் துவாரங்களை அடைக்கிறது என்று ஜதுசா அழுது மன்றாடிய பிறகுதான் நிறுத்தினார்களாம். அதற்குள் ஒரு சுண்டு அளவு மணி அடையாள அட்டை எடுத்துவிட்டது.

அதற்காக அந்தப் பிள்ளை சும்மா இருக்கவில்லை. உமிச்சாம்பலில் தானே புதுவகை மணிகள் செய்து ஜாம் போத்தல்களில் போட்டு வைத்திருந்தாள். அவற்றின் துவாரங்கள் அகலமானவை. கரி இலேசில் அடைக்காது, கூட நாள் உழைக்கும். ஒரு போத்தலை எடுத்துக்கொண்டு பணிப்பாளரிடம் போனாள். இஞ்சினுக்கு உரியவன் என்ற முறையில் நானும் பின்னால் போனேன்.

பணிப்பாளர் கலாநிதி வேலாப்போடி போத்தலை வெளிச்சத்தில் பிடித்து, ஆட்டிப் பார்த்து, மேசையில் வைத்தார்.

“பிள்ளை, எங்கட நிலையத்தின்ர பெயர் என்ன? ஊக்கி மேம்பாட்டு நிலையம். இருக்கிற ஊக்கியை மேம்படுத்த வேணும். நீங்கள் புதிசாச் செய்துகொண்டு வந்தால் அது மேம்பாடு இல்லை, உற்பத்தி. உற்பத்திக்கு வேற அமைச்சு இருக்கு. அவையின்ர வேலையில நாங்கள் கைவைக்கிறது நாகரிகமில்லை.”

“ஒருக்காப் போட்டுப் பாப்பம் சேர். நல்லா வேலை செய்யும்.”

“எதைப் போடுறது? கேள்விப்பத்திரம் கோரி, நாலு இடத்தில விலை கேட்டு வாங்காத பொருள் இந்தக் கட்டடத்துக்குள்ள இல்லை. மேசையில இருக்கிற மாதிரித் தெரியுது. ஆனால் இல்லை.”

நான் போத்தலைப் பார்த்தேன். எனக்கும் ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது.

“சரி சேர், இருக்கிறதையே மேம்படுத்துறன்,” என்றாள் ஜதுசா. “குழாய்க்குள்ள மெல்ல மெல்லக் காத்து விட்டுச் சூடாக்கினா கரி எரிஞ்சு போகும். மணி திரும்ப வெள்ளையாகும்.”

“எரிக்கிறதோ! அரசாங்கச் சொத்தையோ!” பணிப்பாளர் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். “இந்த நாட்டில அரசாங்கச் சொத்தை எரிச்ச ஆக்களுக்கு என்ன நடந்தது எண்டு தெரியுமோ?”

சிலர் அமைச்சரானது எனக்குத் தெரியும். இஞ்சின் அவர் முற்றத்தில் நின்றதால் வாயைத் திறக்கவில்லை.

பணிப்பாளர் கல்நெஞ்சர் அல்ல. அன்றைக்கே ‘ஊக்கி நலன்பேணும் குழு’ ஒன்றை அமைத்தார். பயனாளிகளின் பிரதிநிதியாக என்னையும் போட்டார்கள். தின்னப் பற்றிஸ் வந்தது, ரோல்ஸ் வந்தது, நன்றியுரை வந்தது. மணிகள் களைத்துப்போயிருப்பதால் அவற்றுக்கு ஒரு வாரம் ஓய்வு வழங்குவதென்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். ஏகமனதில் என் மனதும் இருந்தது. ரோல்ஸ் நன்றாக இருந்தது. ஒரு வாரம் கழித்துக் குழாயைத் திறந்தார்கள். எண்ணெய் இன்னும் கறுப்பாக வந்தது. ஓய்வு போதவில்லை என்றார் பணிப்பாளர்.

தை மாதம், அரசாங்கக் கந்தோர்களில் கதிரை மேசைகளைக் கணக்கெடுக்கிற சபை வந்தது. தலைவர் அர்ஷாக், ஓய்வு பெற்ற பெரிய உத்தியோகத்தர். நம்முடைய ஆள்தான், ஆனால் கடமை நேரத்தில் யாருடைய ஆளும் இல்லை. மணிகளை எண்ண முடியாதென்று கண்டதும் நிறுக்கச் சொன்னார். நிலையத்தில் தராசு இல்லை. மீன் சந்தையிலிருந்து ஒன்றை இரவல் வாங்கி வந்தார்கள். மணிகளைக் குழாயிலிருந்து கொட்டி நிறுத்தார்கள். தலைவர் முள்ளைப் பார்த்தார். பழைய பதிவைப் பார்த்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்ப முள்ளைப் பார்த்தார்.

“கூடி இரிக்கி!” என்றார்.

தராசைத் தட்டிப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

“என்ட சேவையில குறைஞ்ச சாமான் பாத்திரிக்கன். காணாமப் போன சாமான் பாத்திரிக்கன். கட்டி முடிச்ச ஒரு பாலமே காணாமப் போனதையும் விசாரிச்சிரிக்கன். வாங்கின நாளையவிடக் கூடின அரசாங்கச் சாமான் இப்பதான் பாக்கிறன்.”

“சேர், அது கரி,” என்றாள் ஜதுசா. “மணி செத்திட்டுது. செத்ததாலதான் பாரம் கூடினது.”

“பிள்ளை,” என்றார் பணிப்பாளர், கண்கள் பனிக்க, “நல்ல செய்தியைக் கெடுக்காதீங்கோ.”

அன்று பின்னேரம் ஊழியர் எல்லோரையும் முற்றத்தில் கூட்டி அவர் உரையாற்றினார். “மற்ற நிறுவனங்களில் வருடாவருடம் அரசாங்கச் சொத்துத் தேய்கிறது. எங்களிடம் வளர்கிறது! நாங்கள் செய்தது என்ன? ஒன்றுமே செய்யவில்லை! அந்தக் கட்டுப்பாடுதான் இந்த வளர்ச்சிக்குக் காரணம். அடுத்த வருடம் இதைவிடக் கூட்டிக் காட்டுவோம்!” எல்லோரும் கைதட்டினார்கள். ஜதுசாவும் தட்டினாள், தட்டாதவர்களைக் கனகமணி பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே சுற்றில் சபை இறங்குதுறைக்கும் வந்தது.

“இந்த இஞ்சின் ஆரிட?” என்றார் அர்ஷாக்.

“எங்கட முற்றத்திலதானே நிக்குது,” என்றார் கனகமணி.

“அப்ப உங்கட.” வெள்ளைப் பெயின்ற் வந்தது. நான் பெற்ற பிள்ளைபோல் வளர்த்த இஞ்சினின் நெற்றியில் இலக்கம் ஏறியது. பக்கத்தில் நின்று, “அது என்ட” என்று சொன்னேன். சபை நடக்கும்போது வெளியாட்கள் பேசக்கூடாது என்றார்கள்.

அடுத்த நாள் போய்க் கனகமணியிடம் மன்றாடினேன்.

“தம்பி, பதிவில ஏறின பொருளை வெளிய விடுறதெண்டால் அது பாவனைக்கு உதவாதெண்டு சபை முடிவெடுக்க வேணும். உங்கட இஞ்சினுக்கு ‘நல்ல நிலை’ எண்டு எழுதியிருக்கு. பெருமைப்படுங்கோ.”

“அது செத்தாத்தான் தருவீங்களா மிஸ்?”

“ஓம். செத்தால் உடன தருவம்.”

மாசி நெருங்கியது. கடல் மெல்ல மெல்ல அடங்குவதைப் பார்க்கிற கடற்கரைக்காரனுக்குச் சந்தோஷம் வரவேண்டும். நான் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். றம்ஸான் மச்சான் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்:

“மச்சான், என்ட வள்ளத்துல கூலிக்கு வாற ஆக்கள் சுபஹுத் தொழுகையோட வந்திரோணும். அரசாங்கத்துல இஞ்சின் வேலை செய்யிது எண்டு பிந்தி வரப்படா.”

பஸ்மியா குசினிக்குள்ளிருந்து வந்து, தன் காக்காவுக்கு இன்னொரு கோப்பை ஊற்றிவிட்டுப் போனாள். அந்தக் கோப்பைதான் எனக்குப் பெரிய அடி.

அந்தக் கிழமை கொழும்பிலிருந்து ஒரு செயலாளர் வரப்போவதாக அறிவித்தார்கள். நாட்டிலேயே வளர்கிற ஒரே அரசாங்கச் சொத்தை நேரில் பார்க்க வேண்டுமாம். பார்த்து மனம் நிறைந்தால், பரீட்சார்த்தம் வெற்றி என்று கையெழுத்து வைப்பார். அப்போது இஞ்சினை விடுவிக்கவும் அவரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று ஜதுசா சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“நானா, நாளைக்குப் பௌர்ணமிப் போயா லீவு. ஒருத்தரும் வரமாட்டினம். கரியை எரிச்சு விடுவம். நல்ல எண்ணெயைக் கண்ணால கண்டா இவையளுக்கும் விளங்கும்தானே?”

படித்த பிள்ளை. ஆனாலும் சின்னப் பிள்ளை.

நான் டயர் கடைக் கொம்பிரசரை ஓட்டோவில் கொண்டுபோனேன். அவள் முதலில் ஐதரசன் முழுவதையும் வெளியேற்றி, வேறு வாயு விட்டுக் குழாயைக் கழுவி, அதற்குப் பிறகுதான் காற்றுக் குழாயைத் தொட அனுமதித்தாள். “மெதுவா நானா, மெதுவா. அவசரப்பட்டா மணி சூட்டில உருகிப் பாழாகும்.” காலையிலிருந்து பின்னேர அசர்த் தொழுகை வரை, மூக்கு நுனியில் வியர்வையோடு, ஒரு திருகாணியை மயிரளவு மயிரளவாகத் திருப்பிக்கொண்டிருந்தேன். குழாயைத் திறந்தபோது மணிகள் பல் விளக்கிக்கொண்டு வந்ததுபோல் நின்றன. ஜதுசா ஒரு மணியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். புகை கண்ணில் பட்டிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விழா நாள் வந்தது. பந்தல், மேளம், பூமாலை. மாலை செயலாளருக்கு ஒன்று, மணிகள் இருந்த தட்டுக்கு ஒன்று. காலையில் எண்ணெய் இறக்கி முடிந்ததும் குழாயிலிருந்து மணிகளைக் கொட்டிய தட்டைப் பட்டுத்துணி விரித்த மேசைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். மணிகள் வெள்ளையாகப் பளபளத்ததைப் பார்த்து, நன்றாகக் கழுவியிருக்கிறீர்கள் என்று பணிப்பாளர் ஜதுசாவைப் பாராட்டினார். மீன் சந்தைத் தராசுக்கும் குங்குமம் வைத்திருந்தார்கள். பின்னால் இறங்குதுறையில், அன்று காலை இறக்கிய புது எண்ணெயில் என் இஞ்சின் பிளேன்ரீ குடித்துப் பாடிக்கொண்டிருந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோருடைய கண்ணும் தராசில்.

பணிப்பாளர் மணிகளைக் கையெடுத்துக் கும்பிட்டுத் தட்டை ஏற்றினார். முள் எழும்பியது. நின்றது. இன்னும் எழும்பும் என்று எல்லோரும் காத்திருந்தோம். அது எழும்பவில்லை.

“குறைஞ்சு போச்சு,” என்றார் கனகமணி. பந்தலுக்குள் யாரோ செத்துவிட்ட மாதிரி மேளக்காரர் மேளத்தைக் கீழே வைத்தார். இஞ்சின் மட்டும் பாடியது.

“அந்தச் சத்தத்தை நிப்பாட்டுங்கோ!” என்று கத்தினார் பணிப்பாளர்.

சிரட்டையில் எடுத்த எண்ணெயில் ஒரு வள்ளத்து இஞ்சின் தும்மல் இல்லாமல் ஓடிய அந்த நாள், நிலையத்தின் வரலாற்றில் ‘சொத்திழப்பு நாள்’ என்று பதிவாகியிருக்கிறது.

விசாரணை அடுத்த கிழமை. ஜதுசாவை ஒரு கதிரையில் இருத்தினார்கள். என்னைச் சாட்சியாக அழைத்திருந்தார்கள்.

“குறைஞ்ச பாரம் எங்க?” என்றார் கனகமணி.

“அது கரி மிஸ். எரிஞ்சு காத்தோட போயிட்டுது.”

“ஆரின்ர அனுமதியோட போனது?”

வேலை போகும், போகிற இடமெல்லாம் ‘அரசாங்கச் சொத்தை அழித்தவர்’ என்ற பெயர் கூடவே போகும் என்று பணிப்பாளர் மிக அன்பாக விளக்கினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“முனீப், நீங்கள் நேர்மையான ஆள். இந்தப் பிள்ளை எரிச்சதைக் கண்டனீங்கள். அதை மட்டும் சொல்லுங்கோ. உங்கட இஞ்சினை இண்டைக்கே ஓட்டோவில ஏத்திவிடுறன்.”

வெளியே கடல் தகரம் மாதிரி மட்டமாகக் கிடந்தது. கீரி மீன் படுகிற கடல். ஒரு சொல் சொன்னால் இஞ்சின். சொல்லாவிட்டால் றம்ஸான் மச்சான். எனக்குப் பெரிய மனது என்று நினைத்துவிட வேண்டாம். ஜதுசாவின் நகக்கண்ணில் இன்னும் கொஞ்சம் கரி இருந்தது. அதைப் பார்க்காமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பேன்.

“அவ இல்ல சேர்,” என்றேன். “நான்தான் எரிச்சனான். எண்ணெய் கறுத்த கோவத்துல. காத்து விட்ட கொம்பிரசரும் நான் கொண்டு வந்ததுதான். டயர் கடையில கேட்டுப் பாருங்க.”

“நானா...” என்று தொடங்கினாள் ஜதுசா.

“நீங்க கதைக்காதீங்க தங்கச்சி. விசாரணை நடக்குது.”

என்னைத் தண்டிக்கத் தாபன விதிக்கோவையை விரித்தார்கள். முன்னாலிருந்து பின்னால் பார்த்தார்கள், பின்னாலிருந்து முன்னால் பார்த்தார்கள். வெளியாள் ஒருவன் நிரந்தரச் சொத்தின் எடையைக் குறைத்தால் என்ன செய்வதென்று அதில் இல்லை. பொலிசுக்குத் தொலைபேசி எடுத்தார்கள். என்ன களவு போனது என்று சார்ஜன்ட் கேட்டார். கரி என்றார்கள். இப்போது எங்கே என்றார். காற்றில் என்றார்கள். காற்று எந்தப் பொலிஸ் பிரிவுக்குள் வருகிறது என்று கேட்டுவிட்டு அவர் வைத்துவிட்டார்.

கனகமணிதான் வழி கண்டுபிடித்தார். “உத்தியோகத்தரைத்தானே தண்டிக்கலாம்? அப்ப இவரை முதல்ல உத்தியோகத்தர் ஆக்குவம்.”

இப்படித்தான் எனக்கு அரசாங்க நியமனம் கிடைத்தது. ‘தற்காலிக ஊக்கிப் பராமரிப்பு உதவியாளர்.’ குற்றம் சேவைக் காலத்துக்குள் விழ வேண்டும் என்பதால் போயாவுக்கு முந்திய திகதி போட்டார்கள். சத்தியப்பிரமாணம் செய்தேன். பணிப்பாளர் கைகுலுக்கி வாழ்த்தினார். அதே கையால் பணி இடைநிறுத்தக் கடிதத்தையும் தந்தார்.

வாசலில், வேலையற்ற பட்டதாரிகள் வழமைபோல் கொட்டில் போட்டுச் சுலோகத்தோடு இருந்தார்கள். செய்தி எனக்கு முன்னாலேயே அவர்களிடம் போயிருந்தது. நிவேதிகா என்ற பிள்ளை ஓடிவந்து மறித்தது.

“அண்ணே, உங்களுக்கு நியமனமாமே? என்னண்டு?”

“குற்றம் செய்தனான்மா.”

பட்டதாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“எந்தக் குற்றமெண்டு சொல்லுங்கோ அண்ணே. நாங்களும் செய்யிறம்.”

நான் பதில் சொல்வதற்குள் கனகமணி மேல் மாடி யன்னலைத் திறந்து என்னைத் திரும்பக் கூப்பிட்டார். முகம் வெளிறியிருந்தது.

“தம்பி, உத்தியோகத்தர் ஒருத்தர் தன்ர சொந்தப் பொருளைத் தன்ர நிறுவனத்துக்குப் பாவனைக்குக் குடுக்கக் கூடாது! அது ஊழல்! அந்த இஞ்சின் உங்கடதுதானே?”

“அது அரசாங்கத்திட எண்டுதானே மிஸ் சொன்னீங்க?”

“அது நீங்கள் வெளியாளா இருக்கேக்க. இப்ப உள்ளாள். உடன தூக்கிக்கொண்டு போங்கோ. இன்னும் ஒரு மணித்தியாலம் இஞ்ச நிண்டால் உங்களுக்கு இன்னொரு குற்றப்பத்திரம் தரவேண்டி வரும்.”

கையெழுத்து இல்லை, சபை இல்லை. நெற்றியில் அரசாங்க இலக்கத்தோடு என் இஞ்சின் ஓட்டோவில் ஏறியது. பட்டதாரிகள் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள்.

விசாரணை முடிவு பிறகு வந்தது: குற்றம் நிரூபணம். தண்டனை, குறைந்த பாரத்தை அதே இனப் பொருளால் ஈடுசெய்துவிட்டுச் சேவையிலிருந்து நீங்குதல். ஊக்கிக்கு அதே இனம் ஊக்கிதான். ஜதுசாவின் ஜாம் போத்தல்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு போனேன்.

“இதுக்குக் கேள்விப்பத்திரம் எங்க?” என்றார் கனகமணி.

“இது வாங்கின சாமான் இல்ல மிஸ். தண்டனை.”

அவர் விதிக்கோவையைப் புரட்டினார். புரட்டப் புரட்ட முகம் தெளிந்தது. “ஓம். தண்டப் பொருளுக்குக் கேள்விப்பத்திரம் தேவையில்லை.” மேசையில் இருந்தும் இல்லாமலிருந்த மணிகள், தராசில் ஏறி, பாரம் சரியாகி, முள் நின்ற இடத்தில் எல்லோரும் பெருமூச்சுவிட, குழாய்க்குள் போயின.

எண்ணெய் பிளேன்ரீயாக வந்தது. அடுத்த கிழமையும் அப்படியே வந்தது. அதற்கடுத்த கிழமையும் வந்தது. பணிப்பாளர் கொழும்புக்கு அறிக்கை அனுப்பினார். ஜதுசா அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். ‘ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கப்பட்டதன் விளைவாக ஊக்கியின் செயற்றிறன் கணிசமாக மேம்பட்டுள்ளது. தண்டனைக்கும் எண்ணெயின் தரத்துக்கும் நேரடித் தொடர்பு இருப்பதை எமது நிலையம் கண்டறிந்துள்ளது.’ செயலாளர் பாராட்டி எழுதினாராம். வருடாவருடம் யாராவது ஓர் உத்தியோகத்தரைத் தண்டிக்க நிதி ஒதுக்கியிருக்கிறார்களாம்.

அதை அவள் வாசித்தது கிண்ணியாக் கடற்கரையில். நான் இஞ்சினை வள்ளத்தில் மாட்டி முறுக்கிக்கொண்டிருந்தேன். பஸ்மியா சோற்றுப் பொதியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அறிக்கை முழுவதையும் நின்று கேட்டாள். கேட்டுவிட்டு, “படிச்ச மனிசன்தானா எழுதினது?” என்று மட்டும் கேட்டாள்.

ஜதுசா கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நானா, நான் இன்னும் நல்ல மணி ஒரு வகை செய்து வச்சிருக்கிறன். துவாரம் இன்னும் அகலம். ஆனா இதையும் கேள்விப்பத்திரம் இல்லாமப் போட விடமாட்டினம்.”

“மறுகா?”

“உங்கட பதவி வெற்றிடமாத்தான் இருக்கு,” என்றாள். தயங்கினாள். “இன்னொரு குற்றம் செய்வீங்களோ?”

பஸ்மியா என்னைப் பார்த்தாள். நான் பஸ்மியாவைப் பார்த்தேன். அவள் சோற்றுப் பொதியை வள்ளத்துக்குள் தள்ளிவிட்டு, “இப்ப அவருக்கு நேரமில்ல,” என்றாள். “வாடை பிறக்கட்டும் தங்கச்சி. அனுப்பி வைக்கிறன்.”